இடரிலும் தொடரும் கல்வி

நுழையும்முன்

புயலும் வெள்ளமும் நிலநடுக்கமும் கொள்ளைநோயும் மனித வாழ்வை நிலைகுலையச் செய்வன. அவை வீடுகளை மட்டுமன்றி வகுப்பறைகளையும் தாக்குகின்றன. கட்டடம் இடிந்தாலும் கற்றல் இடையறாது தொடர வேண்டும் என்று எண்ணிய ஆசிரியர்களும் மாணவர்களும் உலகின் பல பகுதிகளில் அரிய வழிகளைக் கண்டறிந்துள்ளனர். அவர்களுடைய பட்டறிவு நமக்குக் கற்பிக்கும் பாடங்களை அறிந்துகொள்வோம்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் விடியற்பொழுதில் தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் எழும் முதல் கேள்வி, 'இன்று விடுமுறையா?' என்பதே. தொலைக்காட்சித் திரையில் மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பு ஓடியதும் சிறுவர்தம் முகம் மலர்கிறது. ஒருநாள் விடுமுறையால் பெரிய இழப்பு ஏதுமில்லை. விட்ட பாடத்தை மறுநாள் தொடரலாம். ஆனால், இடர் ஒரு நாளில் நீங்காமல் ஒரு திங்களோ ஓராண்டோ நீடித்தால் என்ன செய்வது? கல்லூரிக் கட்டடமே பயன்படாது போனால் எங்கே கற்பது? ஊரைவிட்டே வெளியேற நேர்ந்தால் பட்டம் என்னாவது? இன்னும் ஈராண்டில் கல்லூரி வாயிலில் காலடி வைக்கவிருக்கும் மாணவர்கள் இக்கேள்விகளை எண்ணிப் பார்ப்பது இன்றியமையாதது.

பல்கலைக்கழகத்தின் தனித்தன்மை

பள்ளிக்கும் பல்கலைக்கழகத்திற்கும் இவ்வகையில் வேறுபாடு உண்டு. பள்ளி மாணவர்களுள் பெரும்பாலோர் அருகிலுள்ள ஊர்களிலிருந்து வருபவர்கள். பல்கலைக்கழக மாணவர்களோ பல மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கியிருப்பவர்கள். 'விடுமுறை' என்று அறிவித்தாலும் அவர்கள் உடனே வீடு திரும்ப இயலாது. அவர்களுக்கு உணவும் குடிநீரும் மின்சாரமும் பாதுகாப்பும் தேவை.

ஆய்வுக்கூடங்களின் நிலை வேறு. குளிர்பதனப் பெட்டிகளில் காக்கப்படும் உயிரணுக்கள், ஆய்வுக்காக வளர்க்கப்படும் விலங்குகள், இடைவிடாது இயங்க வேண்டிய கருவிகள் ஆகியவை மழைக்காக விடுமுறை எடுத்துக்கொள்வதில்லை. சில மணி நேர மின்தடை, சில ஆண்டுகளின் உழைப்பை அழித்துவிடக்கூடும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, பல்கலைக்கழகப் பட்டம் காலத்தோடு பிணைந்தது. குறித்த நாளில் தேர்வு முடிந்தால்தான் வேலைக்கோ மேற்படிப்புக்கோ செல்ல இயலும். ஒரு பருவம் தவறினால், கடன் பெற்றுப் படிக்கவைத்த குடும்பத்தின் சுமை கூடுகிறது. எனவே, இடர்க்காலத்தில் பல்கலைக்கழகம் மூன்றினைக் காக்கக் கடமைப்பட்டுள்ளது. முதலாவது, உயிர், இரண்டாவது, ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான தொடர்பு, மூன்றாவது, எவரும் விடுபடாத நடுவுநிலைமை. இம்மூன்றனுள் ஒன்றைக் காக்க மற்றொன்றை இழந்துவிடாமல் இருப்பதே அரிய செயலாகும்.

மூடப்பட்ட கேம்பிரிட்ஜ்

1665ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. அவ்வாண்டில் இளங்கலைப் பட்டம் பெற்றிருந்த ஐசக் நியூட்டன், தம் சொந்த ஊரான உல்ஸ்தோர்ப்புக்குத் திரும்பினார். இடையில் சிறிது காலம் கேம்பிரிட்ஜ் சென்று வந்தது தவிர, 1667ஆம் ஆண்டுவரை பெரும்பாலும் அங்கேயே தங்கினார். நுண்கணிதம், ஒளியியல், ஈர்ப்பு விசை ஆகியவை குறித்த அவருடைய அடிப்படைச் சிந்தனைகள் அக்காலத்தில் உருப்பெற்றன.

இந்நிகழ்வைச் சுட்டி, 'பல்கலைக்கழகம் மூடினால் என்ன? கற்க விரும்புபவர் எங்கிருந்தும் கற்பார்' என்று கூறுவோர் உளர். இக்கூற்று பாதி உண்மையே. நியூட்டனுக்கு உழைத்துப் பிழைக்க வேண்டிய நெருக்கடி இல்லாத வீடும் தனிமையும் வாய்த்திருந்தன; அவருடைய அறிவும் பொதுவான அளவைக்குள் அடங்காதது. அதே ஆண்டில் அதே பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறிய பிற மாணவர்கள் என்ன கற்றனர் என்பதை வரலாறு பேசவில்லை. ஒரு கல்வி அமைப்பின் வலிமையை, அதன் தலைசிறந்த மாணவர் தாமே கற்றுக்கொண்டதைக் கொண்டு அளவிடுதல் முறையன்று. ஆசிரியரின் துணையின்றிக் கற்க இயலாத இயல்பான மாணவரை அது எவ்வாறு தாங்குகிறது என்பதைக் கொண்டே அளவிட வேண்டும்.

நடந்து சென்ற பல்கலைக்கழகம்

1937ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சீனா மீது ஜப்பான் முழு அளவிலான போரைத் தொடங்கியது. தியான்ஜின் நகரிலிருந்த நான்கை பல்கலைக்கழகம் குண்டுவீச்சில் சிதைந்தது. பீகிங், சிங்ஹுவா, நான்கை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் ஒன்றிணைந்து, தெற்கே சாங்ஷா நகரில் தற்காலிகப் பல்கலைக்கழகமாக இயங்கத் தொடங்கின. போர் அங்கும் நெருங்கி வரவே, தென்மேற்கு எல்லையில் மலைகளுக்கு இடையே அமைந்த குன்மிங் நகருக்குச் செல்ல முடிவு செய்யப்பட்டது.

ஆசிரியர், மாணவருள் ஒரு பகுதியினர் தொடர்வண்டியிலும் கப்பலிலுமாக ஹாங்காங், வியட்நாம் வழியே சுற்றிச் சென்றனர். இருநூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களும் ஆசிரியர் சிலரும் 1938ஆம் ஆண்டு பிப்ரவரியில் தரைவழியே புறப்பட்டனர். ஏறத்தாழ 1600 கிலோமீட்டர் தொலைவை, பெரும்பகுதி கால்நடையாகவே, 68 நாள்களில் கடந்தனர். அப்பயணமே அவர்களுக்கு வகுப்பறையாயிற்று. தாவரங்களைக் கண்டு குறித்தனர்; பாறைகளை ஆராய்ந்தனர்; வழியிலிருந்த சிற்றூர் மக்களின் நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தனர். வென் யீடுவோ என்னும் புகழ்பெற்ற கவிஞரும் பேராசிரியராக அவர்களுடன் நடந்தார்.

குன்மிங்கில் அப்பல்கலைக்கழகம் 'தென்மேற்கு ஒன்றிணைந்த பல்கலைக்கழகம்' என்று பெயர் பெற்றது. மண்சுவரும் தகரக்கூரையும் கொண்ட குடில்களே வகுப்பறைகள். கூரை வேய்ந்த கொட்டகைகளே விடுதிகள். நூலகத்தில் இடமும் விளக்கும் போதாமையால் மாணவர்கள் தேநீர்க் கடைகளில் அமர்ந்து படித்தனர். வான்தாக்குதலை அறிவிக்கும் ஒலி எழுந்ததும், புத்தகங்களோடு நகருக்கு வெளியே குன்றுகளை நோக்கி ஓடினர்; ஆபத்து நீங்கியதும் திரும்பிவந்து பாடத்தைத் தொடர்ந்தனர். பெருமழை பெய்தால் தகரக்கூரையின் ஓசையில் ஆசிரியரின் குரல் கேட்பதில்லை. அத்தகைய பொழுதொன்றில் பேராசிரியர் ஒருவர், பாடத்தை நிறுத்தி மழையைச் சுவைப்போம் எனக் கரும்பலகையில் எழுதினார் என்று அங்குப் பயின்றோர் நினைவுகூர்வதுண்டு.

போர் முடிந்து, 1946ஆம் ஆண்டு மூன்று பல்கலைக்கழகங்களும் தத்தம் நகருக்குத் திரும்பும்வரை அது இயங்கியது. 1957ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட சென் நிங் யாங், சுங் தாவோ லீ ஆகிய இருவரும் அத்தகரக்கூரை வகுப்பறைகளில் பயின்றவர்கள். அப்பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் பயிற்சிப் பிரிவு குன்மிங்கிலேயே நிலைத்து, இன்று யுன்னான் நார்மல் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. இடம் பெயர்ந்து வந்தவர்கள், தமக்கு அடைக்கலம் தந்த ஊருக்கு ஒரு கல்வி நிறுவனத்தை விட்டுச்சென்றனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

அடைக்கலம் தந்த வகுப்பறைகள்

2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலுள்ள துலேன் பல்கலைக்கழக விடுதிகளில் முதலாண்டு மாணவர்கள் தம் பெட்டிகளோடு வந்திறங்கினர். அன்றே அவர்களைத் திரும்பிச் செல்லுமாறு பல்கலைக்கழகம் அறிவித்தது. கத்ரீனா என்னும் சூறாவளி நகரை நெருங்கிக்கொண்டிருந்தது. போக்கிடம் இல்லாத மாணவர்கள் பேருந்துகளில் ஜாக்சன் நகருக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். 29ஆம் நாள் சூறாவளி கரையைக் கடந்தது. வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்தமையால் நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது.

அப்பருவம் முழுவதும் துலேன் மூடப்பட்டது. அதன் மாணவர்களை அமெரிக்காவெங்கும் இருந்த பல்கலைக்கழகங்கள் தம் வகுப்புகளில் சேர்த்துக்கொண்டன. அவற்றுள் பல, கூடுதல் கட்டணம் கேட்கவில்லை. அங்குப் பெற்ற மதிப்பெண்கள் மாணவர்களின் பட்டத்திற்குக் கணக்கில் கொள்ளப்பட்டன. 2006ஆம் ஆண்டு சனவரித் திங்களில் துலேன் மீண்டும் திறந்தபோது, மாணவருள் பெரும்பாலோர் திரும்பி வந்தனர்.

எனினும், இழப்பே நேரவில்லை என்று கூற இயலாது. நிதி நெருக்கடியால் பொறியியல் துறைகள் சில மூடப்பட்டன. ஆசிரியர் பலர் பணியிழந்தனர். ஒரு பல்கலைக்கழகம் மீண்டெழுந்தது என்று நாம் எளிதாகச் சொல்லும்போது, அம்மீட்சிக்கு விலை கொடுத்தவர்களையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

கூடாரத்தில் வகுப்பு

2011ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் நண்பகல் கடந்த வேளையில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரை நிலநடுக்கம் உலுக்கியது. 185 பேர் உயிரிழந்தனர். அந்நகரின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் கல்வியாண்டு அப்போதுதான் தொடங்கியிருந்தது. நின்றுகொண்டிருந்த கட்டடங்களும் பாதுகாப்பானவைதாமா என்று பொறியாளர்கள் ஒவ்வொன்றாக ஆராய வேண்டியிருந்தது. அதுவரை காத்திராமல், ஊர்தி நிறுத்துமிடங்களில் பெரிய கூடாரங்களை அமைத்து, ஏறத்தாழ மூன்று வாரங்களில் வகுப்புகளைத் தொடங்கியது அப்பல்கலைக்கழகம்.

அந்நகர மாணவர்கள் வகுப்புக்காகக் காத்திருந்த நாள்களை வீணாக்கவில்லை. முந்தைய ஆண்டு செப்டம்பரில் நிகழ்ந்த நிலநடுக்கத்தின்போதே சமூக ஊடகத்தின் வழியே 'மாணவர் தன்னார்வப் படை' ஒன்றை அவர்கள் அமைத்திருந்தனர். நிலத்தடியிலிருந்து பொங்கி வந்து தெருக்களையும் வீட்டு முற்றங்களையும் மூடிய சேற்றை, ஆயிரக்கணக்கான மாணவர்கள் மண்வாரிகளைக் கொண்டு அகற்றினர். சமுதாயத்திற்குத் தோள்கொடுத்தலும் உயர்கல்வியின் ஒரு பகுதியே என்பதை இச்செயல் உணர்த்தியது.

தெரிந்து தெளிவோம்

ஹாங்காங் வானிலை ஆய்வகம் புயலின் வலிமைக்கேற்ப எண்ணிட்ட எச்சரிக்கைக் குறிகளை வெளியிடுகிறது. எட்டாம் எண் குறி ஏற்றப்பட்டால் அங்குள்ள கல்வி நிறுவனங்களில் வகுப்புகள் நிறுத்தப்படும். ஒரு மணி நேரத்தில் 70 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நிலையில் 'கருப்பு' மழை எச்சரிக்கை விடுக்கப்படும். அப்போது, தொடங்காத வகுப்புகள் நிறுத்தப்படும். நடந்துகொண்டிருக்கும் வகுப்புகள் தொடரும். பெருமழையில் மாணவர்களை வெளியே அனுப்புவதைவிட உள்ளேயே இருக்கச் செய்வது பாதுகாப்பானது என்பதே இதற்குக் காரணம். விதி முன்னரே வகுக்கப்பட்டிருப்பதால், வதந்திக்கும் குழப்பத்திற்கும் இடமில்லை.

திரைவழிக் கல்வி

2020ஆம் ஆண்டில் பரவிய கொரோனா பெருந்தொற்று, மேற்கூறிய இடர்கள் அனைத்தினின்றும் வேறுபட்டது. கட்டடங்கள் நின்றன, ஆனால், மக்கள் கூடுவதே ஆபத்தாயிற்று. அடைக்கலம் தருவதற்கு வேறு பல்கலைக்கழகமும் திறந்திருக்கவில்லை. உலகெங்கும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களின் கல்வி தடைப்பட்டதாக யுனெஸ்கோ கணக்கிட்டது. இந்தியாவில் மார்ச் 25ஆம் நாள் முதல் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது.

வகுப்பறை, கணினிக்கும் கைப்பேசிக்கும் இடம்பெயர்ந்தது. 2017ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டிருந்த 'ஸ்வயம்' இணையவழிக் கல்வித் தளமும், 'ஸ்வயம் பிரபா' கல்வித் தொலைக்காட்சி அலைவரிசைகளும் அவ்வேளையில் கைகொடுத்தன. இடர் வருமுன் அமைக்கப்பட்ட பாலமே இடர் வந்தபோது பயன்பட்டது என்பது இங்குக் கருதத்தக்கது.

ஆயினும், அப்பாலத்தில் எல்லாரும் ஏற இயலவில்லை. வீட்டில் ஒரே கைப்பேசி. அதனைத் தந்தை வேலைக்குச் செல்லும்போது எடுத்துச் செல்வார். மலைக்கிராமத்து மாணவர் அலைவரிசை கிடைக்கும் மேட்டு நிலத்தைத் தேடி நடந்தார். ஒற்றை அறை கொண்ட வீட்டில் தம்பி தங்கையரின் பேச்சொலிக்கு இடையே பாடம் கேட்டவரும் உண்டு. இக்குறையை ஓரளவு களையும் பொருட்டுத் தமிழ்நாடு அரசு, 2021ஆம் ஆண்டு சனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்கள் 9 இலட்சத்திற்கும் மேற்பட்டோருக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி தரவு பெறும் அட்டைகளை விலையின்றி வழங்கும் திட்டத்தை அறிவித்தது.

தேர்வு குறித்த வினாவும் எழுந்தது. நோய்க்கு அஞ்சித் தேர்வை நீக்கினால் பட்டத்தின் மதிப்பு என்னாகும்? தேர்வை நடத்தினால் மாணவரின் உயிருக்கு யார் பொறுப்பு? இவ்வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. தேர்வு நடத்தாமல் இறுதியாண்டு மாணவர்களுக்குத் தேர்ச்சி வழங்க இயலாது. எனினும், சூழலுக்கேற்பத் தேர்வு நாளைத் தள்ளிவைக்க மாநிலங்கள் கோரலாம் என்று 2020 ஆகஸ்டு 28இல் தீர்ப்பளிக்கப்பட்டது. உயிரையும் தகுதியையும் ஒருசேரக் காக்க முயலும்போது எழும் இடர்ப்பாட்டை இவ்வழக்கு எடுத்துக்காட்டுகிறது.

வெள்ளத்தில் கரைந்த சான்றிதழ்கள்

2015ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களின் தொடக்கத்தில் சென்னையும் அதன் சுற்றுப்புறங்களும் பெருவெள்ளத்தில் மூழ்கின. பல்கலைக்கழகத் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. வெள்ளம் வடிந்தபின் வேறொரு துன்பம் தெரியவந்தது. வீடுகளுக்குள் புகுந்த நீர், மதிப்பெண் பட்டியல்களையும் பட்டச் சான்றிதழ்களையும் அழித்திருந்தது. ஒரு குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு அத்தாள், பல ஆண்டு உழைப்பின் ஒரே சான்றாகும். இழந்தோருக்குச் சான்றிதழ்களின் படிகளை வழங்க அரசு சிறப்பு முகாம்களை நடத்தியது.

கற்பித்தலைத் தொடர்வது எவ்வளவு முதன்மையானதோ, கற்றதற்கான பதிவுகளைக் காப்பதும் அவ்வளவு முதன்மையானது. அதே 2015ஆம் ஆண்டில் இந்திய அரசு தொடங்கிய 'டிஜிலாக்கர்' என்னும் மின்னணுக் காப்பகத்தில் இன்று சான்றிதழ்களைச் சேமித்து வைக்க இயலும். ஆவணங்களின் ஒரு படி, மூலப் படி இருக்கும் ஊரை விடுத்து வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும் என்பது பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும்.

முன்னேற்பாட்டின் கூறுகள்

இந்நிகழ்வுகளிலிருந்து பெறத்தக்க நெறிகள் சில உள்ளன.

முடிவெடுப்பவர் யார் என்பது முன்னரே தெளிவாக இருத்தல் வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகிய நிறங்களால் எச்சரிக்கை விடுக்கிறது. எந்நிறத்திற்கு எச்செயல் என்று கல்லூரி முன்கூட்டியே வகுத்துக்கொண்டால், தொலைவிலிருந்து புறப்படும் மாணவர் பாதி வழியில் தவிக்க நேராது.

செய்தி பல வழிகளில் சென்றடைய வேண்டும். மின்சாரம் இல்லாதபோது இணையத்தளம் பயன்படாது. குறுஞ்செய்தி, வானொலி, விடுதிக் காப்பாளரின் நேரடி அறிவிப்பு என மாற்று வழிகள் தேவை.

பாடத்திட்டத்தில் இன்றியமையாதது எது, பின்னர்க் கற்கத்தக்கது எது என ஆசிரியர் பிரித்தறிந்து வைத்திருத்தல் நலம். கருத்தியல் பாடங்களைத் திரைவழியே நடத்தலாம். ஆய்வகப் பயிற்சியை அவ்வாறு நடத்த இயலாது. அதற்கென நாள்களை ஒதுக்கிவைக்க வேண்டும்.

பாதிக்கப்பட்டோருக்குக் கால நீட்டிப்பு வழங்குதல் சலுகையன்று, நீதியாகும். வெள்ளத்தில் புத்தகங்களை இழந்தவரையும், மாடிவீட்டில் இருந்து படித்தவரையும் ஒரே நாளில் ஒரே தேர்வை எழுதச் செய்வது தோற்றத்தில் மட்டுமே சமமானது. ஆசிரியரும் அவ்வெள்ளத்தில் தம் வீட்டை இழந்தவராக இருக்கலாம் என்பதும் மறக்கத்தக்கதன்று.

எல்லாவற்றிற்கும் முதலாக, உயிரே பெரிது. எந்தப் பாடமும் ஓர் உயிருக்கு ஈடாகாது. நிறுத்த வேண்டிய நேரத்தில் வகுப்பை நிறுத்துவதும் கல்வியைக் காக்கும் செயலே.

நிறைவாக

கூடாரமும் மண்குடிலும் கைப்பேசித் திரையும் தோற்றத்தால் வேறுபட்டவை. ஆயினும், கற்பிக்க ஒருவரும் கற்க ஒருவரும் ஒருவரையொருவர் கைவிடாமல் இருந்தமையால் அவை யாவும் பல்கலைக்கழகங்கள் ஆயின. கட்டடம் அவ்வுறவுக்கு நிழல் தருகிறது. அவ்வுறவே கல்வியைத் தருகிறது. நாளை நீங்கள் பயிலவிருக்கும் கல்லூரியிலும் ஒருநாள் மழை கொட்டலாம்; விளக்குகள் அணையலாம். அப்போது, உங்கள் வகுப்பில் தொடர்பற்றுப் போன மாணவர் யார் என்று தேடி, அவருக்குப் பாடக்குறிப்பைக் கொண்டுசேர்க்கும் முதல் கை உங்களுடையதாக இருக்கட்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியில் மழை, புயல் காலங்களில் கற்றல் தடைப்பட்ட நிகழ்வொன்றைக் குறிப்பிட்டு, அதனை ஈடுசெய்ய மேற்கொள்ளப்பட்ட வழிகளைத் தொகுத்து எழுதுக.

2. 'இடர்க்காலத்தில் தேர்வைத் தள்ளிவைப்பதே நீதி – குறித்த நாளில் நடத்துவதே நீதி' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. பெருந்தொற்றுக் காலத்தில் கல்லூரியில் பயின்ற ஒருவரை நேர்கண்டு, அவர் சந்தித்த இடர்ப்பாடுகளையும் அவருக்குக் கிடைத்த உதவிகளையும் குறித்து ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.